முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள்ளேயே ஏன் மரங்களை வெட்டுகிறார்கள்? வெட்டிய சரிவின் படத்தைப் பார்த்தால் காட்டை அழித்தது போல இருக்கிறதே?

வெட்டப்படுவது சீகை மரம். நீலகிரியில் ஊர்வழக்கு அப்படி, வனத்துறைக் காகிதங்களில் வாட்டில். தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் வேறு, அது கொடி. இது 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து விறகுக்காகக் கொண்டுவரப்பட்டது. பட்டையில் உள்ள டானின் தோல் பதனிட உதவும் என்பதால், சுதந்திரத்துக்குப் பிறகு அரசே மேட்டுப் புல்வெளிகளில் ஏக்கர் கணக்கில் நட்டது. புல்வெளியை வெறும் தரிசு என்று கணக்கெழுதியதுதான் மூலத்தவறு.

முக்கூர்த்தியில் காப்பாற்றப்படுவதே அந்தப் புல்வெளிதான். வரையாட்டுக்காக 1982இல் சரணாலயமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம், பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். வரையாட்டுக்கு மேயப் புல்லும், ஆபத்து வந்தால் ஓடிப் பாறையில் ஏற, தூரத்திலிருந்தே பார்க்கிற வெட்டவெளியும் வேண்டும். சீகை அடர்ந்தால் புல்லும் போகும், சிறுத்தைக்கு மறைவும் கிடைக்கும். நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவையும் இந்தப் புல்வெளியை நம்பித்தான் இருக்கிறது. உயர்மலைப் புல்வெளியை விட்டால் அதற்குக் கூடு கட்ட வேறு இடமில்லை.

"ஒரு காலத்தில் அங்கே சோலைக்காடு (உயர்மலையின் பசுமைமாறாக் குறுங்காடு) இருந்திருக்கும், மனிதன் அழித்துப் புல்லாக்கிவிட்டான்" என்ற வாதம் எடுபடாது. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த பீட் மண்ணை (முழுதும் மக்காத தாவரச் சேறு) தோண்டி, அதில் கார்பனின் ஒரு வகையான கார்பன்-13 எவ்வளவு என்று பார்த்திருக்கிறார்கள். வெப்பமண்டலப் புல்லும் மரமும் அதில் வேறுவேறு கையெழுத்து விடும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்திலேயே அங்கே புல் ஓங்கியிருந்தது. சோலை, மலை மடிப்புகளில் மட்டும் ஒதுங்கி நிற்பதற்கு உறைபனியும் ஒரு காரணம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்தவெளியில் சோலை மரக்கன்றுகள் கருகிவிடும். சிவப்புப் பூப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரம் மட்டும் தனியாகப் புல்லுக்கு நடுவே தாக்குப்பிடிக்கும்.

சீகைக்கு அந்தப் பனி பெரிய தடையாக இல்லை. வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜன் பிடித்துத் தரும். ஒரு கன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் அந்தச் சிறு உருண்டைகள் கண்ணுக்கே தெரியும். ஏழை மண்ணுக்குப் பழகிய புற்களுக்கு இந்த உரம் உதவாது, களைகளுக்குத்தான் கொண்டாட்டம். விதையோ கெட்டித் தோலோடு பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் தோல் வெடித்து ஒரே சமயத்தில் முளைக்கும்.

பெரும்பாலும் வேலை கெடுவது இங்கேதான். இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கினால் மண் கிளறப்பட்டு, புதைந்த விதை மேலே வரும். வெட்டிய கழிவை அங்கேயே எரித்தாலும் அதே கதை. முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டை துளிர்க்கும். தரையை ஒட்டி வெட்டி, மிச்சமிருக்கும் பட்டையை மண்மட்டம் வரை உரித்துவிட வேண்டும். கன்றுகளை மழைக்காலத்தில், மண் ஈரமாக இருக்கும்போது கையால் இழுத்தால் வேர் அறாமல் வரும். வருடத்துக்கு ஒருமுறையாவது, பல வருடங்கள் திரும்ப வந்து இழுக்க வேண்டும். ஒப்பந்தம் வெட்டுக்கு மட்டும் போடப்பட்டால் அந்தப் பணம் வீண்.

எங்கே தொடங்குவது என்பதும் முக்கியம். சமீபத்தில் சீகை நுழைந்த புல்வெளி ஓரங்களில் புல் இன்னும் உயிரோடு இருக்கும், அங்கேதான் குறைந்த உழைப்பில் அதிக பலன். பழைய அடர்ந்த தோப்புகளில் புல்லின் தடமே இருக்காது. அங்கே நாட்டுப் புல்லின் தூரைப் பிரித்துத் தென்மேற்குப் பருவமழையில் நட வேண்டும். தாமதித்தால் கிக்கூயு என்ற வெளிநாட்டுப் புல் முந்திக்கொள்ளும். சோலையை ஒட்டிய தோப்பு வேறு விஷயம். அதன் நிழல் பனியைத் தடுப்பதால் கீழே சோலைக் கன்றுகள் வளர்ந்துகொண்டிருக்கலாம். அதை மொத்தமாகச் சாய்ப்பது தவறு, வருடாவருடம் கொஞ்சமாகக் கலைக்க வேண்டும்.

அதனால் வெட்டிய சரிவின் படம் மொட்டையாகத் தெரிவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஓரிரு மழைக்காலம் கழித்து எடுத்த படத்தில், கட்டைகளுக்கு நடுவே சீகையின் இறகு போன்ற இலைகள் தெரிகின்றனவா, புல் தூர்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.