கேனபியில் விழுந்த விரிசல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மினசோட்டாவில் வீட்டு கராஜில் ஆர்வி-7 என்ற சிறிய விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பின்னால் நகரும் கேனபி, அதாவது விமானி அறையை மூடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூரை. ஜனவரியில் அதைச் சட்டத்தோடு சேர்த்துத் துளையிடும்போது ஒரு துளையில் 'டிக்' என்றது. பார்த்தால் அங்கிருந்து உள்நோக்கி நாலு சென்டிமீட்டர் விரிசல். புதியது வாங்கினால் மரப்பெட்டிக்கும் லாரிக்கும் தனிச் செலவு. நான் அழுத்தியதுதான் காரணமா? இதைக் காப்பாற்ற முடியுமா?

கா.

அன்புள்ள கா.,

ஜனவரி என்று எழுதியிருக்கிறீர்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. கேனபியின் பிளாஸ்டிக்கான அக்ரிலிக் குளிர்ந்தால் நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். அறை மட்டுமல்ல, கேனபியே 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகியிருந்தால்தான் அதில் கை வைக்கலாம்.

மீதிப் பாதி டிரில் பிட். உலோகத்துக்கான பிட்டின் விளிம்பு கடித்து இழுக்கும். மறுபக்கம் வெளியேறும் நொடியில் அக்ரிலிக்கைப் பெயர்த்துவிடும். பிளாஸ்டிக்குக்கான கூர்முனை பிட் சுரண்டும், கடிக்காது. அது கிடைக்காவிட்டால் பழைய பிட்டின் வெட்டு விளிம்பைச் சாணைக்கல்லில் லேசாகத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். பின்னால் மரக்கட்டை முட்டுக்கொடுக்க வேண்டும். நீங்கள் அழுத்தியது இந்த இரண்டுக்கும் பிறகுதான் வருகிறது.

இனி விரிசல். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் அது வெள்ளிக் கோடாக மின்னும். தடிப்புக்குள் அது சாய்வாக ஓடும் என்பதால் மேல்பரப்பில் முனை தெரியும் இடம் உண்மையான முனையாக இருக்காது. இரண்டு பக்கமும் பாருங்கள். அந்த முனை முழுதாக உள்ளடங்கும்படி 1/8 அங்குலத் துளை போட்டு, விளிம்பின் பிசிறை நீக்குங்கள். முனை தவறினால் துளையைத் தாண்டி விரிசல் போய்க்கொண்டே இருக்கும். ஓரச் சட்டத்தின் மறைவில், பார்வையில் படாத இடமென்றால் இதோடு விட்டுவிடலாம். முன்கண்ணாடியாகும் பகுதியிலோ கண்ணுக்கு நேரிலோ இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். காற்று நேராக மோதும் இடத்தில் ஒட்டுவேலை வைக்கக் கூடாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் கேட்காத விஷயம். அன்று போட்ட மற்றத் துளைகளும் அதே குளிரில், அதே பிட்டில் போட்டவைதானே? ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்விளிம்பில் நகக்கண் அளவு பெயர்ந்திருந்தாலும் அடுத்த விரிசல் அங்கேதான் பிறக்கும். வெட்டிய ஓரங்களையும் 400 எண் உப்புத்தாள் வரை தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

துளை இறுக்கமாக இருக்கவும் கூடாது. 50 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஒரு மீட்டர் அக்ரிலிக் சுமார் 3.5 மில்லிமீட்டர் நீளும். கேனபியின் எஃகுச் சட்டம் 0.6 தான் நீளும். அந்த இழுபறியைத் துளைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். 1/8 அங்குல ரிவெட்டுக்கு 5/32 வரை அகட்டுங்கள். துளையே வேண்டாமென்று சிக்காஃப்ளெக்ஸ் பசையில் ஒட்டுகிறவர்களும் உண்டு. வேலை சுத்தம்தான், ஆனால் பிரைமரும் சுமார் 3 மில்லிமீட்டர் பசைத் தடிப்பும் பிசகக் கூடாது, பிறகு கழற்றுவது பெரும்பாடு.

அசிட்டோன், பெட்ரோல், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எதுவும் அருகில் வேண்டாம். திருகாணி தளராமலிருக்கப் பூசும் லாக்டைட்கூட அக்ரிலிக்கில் பட்டால் சிலந்திவலைபோல் நுண்விரிசல் படரும்.

மாற்றுவதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கும் முன், வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்கான சங்கமான இ.ஏ.ஏ.வின் உங்கள் ஊர்க் கிளையில் டெக்னிக்கல் கவுன்சிலரை, அதாவது வேலையைப் பார்த்து ஆலோசனை சொல்பவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தன்னார்வலர்கள்தான், காசு கேட்க மாட்டார்கள். வரும்போது கேனபியைத் துடைத்து, டார்ச்சோடு தயாராக வைத்திருங்கள்.