நான்காம் அடியில் ஒரு சீரைக் காணோம்

அன்புள்ள ஐயா,

இடைநிலைப்பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுக்கும் மகளுக்குக் குறுந்தொகை 25ஆம் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். எதுகை, மோனை, உவமை என்று பட்டியல் போட்டாள். அப்புறம், “நாலாவது வரியில ஒரு சொல் விட்டுப்போச்சே, அச்சுப்பிழையாம்மா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மீ., பட்டர்வொர்த்

அன்புள்ள மீ.,

முதலில் பாட்டு:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

பொருள் இதுதான்: அவன் என்னைக் கூடிய நாளில் சாட்சி யாரும் இல்லை, அந்தக் கள்வன் தான் மட்டுமே இருந்தான். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற சிறு பசுங்காலோடு, ஓடும் நீரில் ஆரல்மீனைப் பார்க்கும் குருகும், அதாவது கொக்கும், அங்கே இருந்தது.

பிழை இல்லை. இது நேரிசை ஆசிரியப்பா. கடைசிக்கு முந்தைய அடி மூன்று சீரோடு நிற்கும். சீரை எண்ணிப் பார்த்தாளே, கெட்டிக்காரி. ஆனால் இதைப் பாடிய கபிலர் கொக்குக்காக அடியைக் குறைத்தார் என்று சொல்லிவிடாதீர்கள். குறுந்தொகையில் மிகப் பல பாட்டுகளுக்கு இதே வடிவம்தான். அந்தக் குறுகலான இடத்தில் எதை வைத்தார் என்பதுதான் விஷயம். வாய்விட்டுப் படியுங்கள். நான்கு சீருக்குப் பழகிய காது ‘பார்க்கும்’ என்றதும் ஒரு கணம் நிற்கும். பார்ப்பது யார்? இன்னும் சொல்லவில்லை. முதலில் கால், பிறகு பார்வை, அடுத்த அடியில்தான் குருகு.

‘தானது – யானெவன்’ பொழிப்பெதுகை, அதாவது முதல் சீரும் மூன்றாம் சீரும் எதுகையாக வருவது, என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், சரி. ஆனால் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறவனைப் பற்றித் தோழியிடம் புலம்பும் பெண் இவள். ‘தான்’ மூன்று முறை வருகிறது, ‘யான்’ ஒரே முறை. ஓசையில் மட்டும் இருவரும் ஒட்டி நிற்கிறார்கள்.

தினைத்தாளை நாம் எங்கே பார்த்தோம்? தினையே பாக்கெட்டில்தான் வருகிறது. உங்கள் பக்கத்துச் செபராங் பிறை வயலோரம் மகளைக் கூட்டிப்போங்கள். வெள்ளைக் கொக்குகளில் பலவற்றுக்குக் கால் கறுப்பு. மடையான் என்ற பழுப்புக் கொக்கைத் தேடுங்கள், கால் பசுமஞ்சளாக இருக்கும். தண்ணீரையே பார்த்தபடி அசையாமல் நிற்கும். இவளுக்கு வாய்த்த சாட்சியும் அப்படித்தான், கண்ணெல்லாம் ஆரல்மீன் மேல்.

மகளின் பட்டியலில் ‘உம்’ இருந்ததா? ‘யாரும் இல்லை’ என்று அடித்துச் சொன்னவள், கடைசியில் ‘குருகும் உண்டு’ என்கிறாள். இலக்கணப்படி முரண் இல்லை. ‘யார்’ மனிதருக்கு, குருகு அஃறிணை. ஆனாலும் எனக்கு அது தடுமாற்றமாகவே கேட்கிறது. ஒருவராவது கிடைக்கமாட்டாரா என்று அந்த நாளைத் துழாவி, ஒரு கொக்கைக் கண்டுபிடிக்கிறாள்.