ட்வீட்டர் கருகாமல் இருக்க: கேள்வி பதில்

கும்பகோணம்: ஸ்பீக்கர் 100 வாட்ஸ் தாங்கும் என்று போட்டிருக்கிறது. என் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வெறும் 30 வாட்ஸ்தான். அப்படியும் ஒரு பக்க ட்வீட்டர் (பெட்டிக்குள் உயர்ந்த ஒலிகளை மட்டும் தரும் சின்ன ஸ்பீக்கர்) போய்விட்டதே, எப்படி?

ஆம்ப் சின்னது என்பதுதான் காரணம். 100 வாட்ஸ் என்பது பெட்டி முழுவதற்குமான கணக்கு. ட்வீட்டர் மட்டும் தொடர்ந்து தாங்குவது சில வாட்ஸ்தான், ஏனென்றால் அதை அதிரவைக்கும் கம்பிச்சுருளான ‘வாய்ஸ் காயில்’ தலைமுடி போன்ற மெல்லிய கம்பியால் ஆனது. பாட்டின் பெரும்பகுதி சக்தி பாஸுக்கும் நடுப்பகுதிக்கும் போய்விடுவதால் சாதாரணமாக இது போதும்.

30 வாட்ஸ் ஆம்பை முழுக்கத் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்படும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். பாஸ் அதற்கு மேல் ஏற முடியாமல் நிற்கும். ட்ரெபிள் ஏறிக்கொண்டே போகும். வெட்டுப்பட்ட அலையிலிருந்து புதிதாகவும் உயர் அதிர்வெண்கள் பிறக்கும். அத்தனையும் ட்வீட்டர் தலையில்தான் விடியும். 100 வாட்ஸ் ஆம்பை நிதானமாக ஓட்டுவது இதைவிடப் பத்திரம்.

காதாலேயே கண்டுபிடிக்கலாம். தவிலின் வலந்தலை அடி தெறிக்காமல் மழுங்கினாலோ, நாகஸ்வரம் திடீரென்று கரகரத்தாலோ அந்த நொடியே வால்யூமைக் குறையுங்கள். ‘பாட்டு முடியட்டும்’ என்று காத்திருக்காதீர்கள்.

அப்புறம், ட்ரெபிள் குமிழ். 10 டெசிபல் கூட்டினால் ட்வீட்டருக்குப் போகும் சக்தி பத்து மடங்கு. அதை நடுவிலேயே விட்டுவிடுங்கள்.

மன்னார்குடி: வீட்டில் காதுகுத்து. இதே ஸ்பீக்கரில் மைக் போட்டுக்கொள்ளலாமா?

தயவுசெய்து வேண்டாம். மைக் ஒருமுறை ‘கீய்ங்’ என்று ஊளையிட்டால் போதும், விடாமல் வரும் அந்த உயர்ந்த ஒலியால் வாய்ஸ் காயில் கருகிவிடும். விசேஷத்துக்கு சவுண்ட் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள்.

திருவாரூர்: கரண்ட் அடிக்கடி போய் வருகிறது. ஆபத்தா?

போனதும் ஆம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கரண்ட் வந்து நிலைத்த பிறகு முதலில் பிளேயர், கடைசியில் ஆம்ப்; அணைக்கும்போது முதலில் ஆம்ப். இந்த வரிசை மாறினால் வரும் ‘டப்’ ஸ்பீக்கருக்கு ஆகாது. ஆம்ப் ஓடும்போது கேபிளைப் பிடுங்குவதும் அதே ஆபத்துதான்.

திருவையாறு: சம்பா அறுவடை சமயத்தில் தூசி வந்து டோமில் (ட்வீட்டரின் நடுவில் அதிரும் குமிழ் போன்ற பகுதி) படிகிறது. துடைக்கலாமா?

துணி படவே கூடாது. பல பட்டு டோம்களின் மேல் பிசுபிசுப்பான பூச்சு உண்டு. தேய்த்தால் அது பெயரும். மிக மென்மையான பிரஷ்ஷால் படும் படாமலும் ஒற்றுங்கள். உலோக டோம் என்றால் அதுவும் வேண்டாம், லேசாக அழுத்தினாலே குழிந்துவிடும். டோமுக்குப் பதில் மெல்லிய உலோக நாடா இருக்கும் ரிப்பன் ட்வீட்டரில் வாயால் ஊதக்கூட கூடாது. அறுவடை முடியும்வரை கிரில்லை மாட்டி வையுங்கள், அதற்காகத்தான் அது இருக்கிறது.

மயிலாடுதுறை: பேரன் விரலால் குத்தி டோம் உள்ளே போய்விட்டது. வேக்யூம் கிளீனரால் இழுக்கலாம் என்கிறார்களே?

இழுக்காதீர்கள் ஐயா. டோமோடு வாய்ஸ் காயிலும் இடம் மாறி உரச ஆரம்பிக்கும். பட்டு டோம் என்றால் செலோடேப்பை லேசாக ஒட்டி எடுத்தால் சில சமயம் எழும். உலோகம் என்றால் மடிப்பு நிற்கும், மாற்றத்தான் வேண்டும். ஃபோக்கல் யூடோபியா போன்ற ஸ்பீக்கர்களில் வருவது பெரிலியம் என்ற உலோகத்தாலான டோம். அது உடைந்தால் துண்டுகளைத் தொடாதீர்கள், பெருக்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். குழந்தைகளை அறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு, திறப்பை டேப்பால் மூடி, நிறுவனத்தின் சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.

நாகப்பட்டினம்: ட்வீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை ட்வீட்டர் அருகிலும் மறுமுனையைக் காதிலும் வையுங்கள். ஜால்ரா சத்தம் கேட்டால் உயிர் இருக்கிறது. கேட்கவில்லையென்றால் ட்வீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வையுங்கள். 8 ஓம் ட்வீட்டர் ஏறக்குறைய 6 காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் வாய்ஸ் காயில் அறுந்துவிட்டது. பெட்டியின் பின்பக்க டெர்மினலில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நடுவில் கிராஸ்ஓவர் (ஒலியைப் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) கெபாசிட்டர் இருக்கிறது, அது மல்டிமீட்டரின் மின்சாரத்தைத் தடுத்துவிடும். திருகும்போது ஸ்க்ரூடிரைவரைக் கெட்டியாகப் பிடியுங்கள். காந்தம் இழுத்து டோமிலேயே குத்திவிடும்.