ரிகர்வ் வில்லோட ஸ்ட்ரிங் பிரிஞ்சு வருது: வாக்ஸ் போதுமா, மாத்தியே ஆகணுமா?

டெல்லி மயூர் விஹார்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, ரெண்டு வருஷமா யமுனா ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ்ல ரிகர்வ் (முனை வெளிப்பக்கம் வளைஞ்ச வில்லு) ப்ராக்டிஸ் பண்றா. வாங்கின நாள்ல இருந்து அதே ஸ்ட்ரிங்தான். இப்ப முழுக்க பஞ்சு பஞ்சா கிளம்பியிருக்கு, நடுவுல அம்பு மாட்டற இடத்துல சுத்தியிருக்கற நூலும் பிரிஞ்சு தொங்குது. கோச் மாத்த சொல்லிட்டார், கடைக்கு போன் பண்ணா லென்த் என்ன, எத்தனை ஸ்ட்ராண்டுன்னு கேக்கறாங்க, எங்களுக்கு ஒண்ணும் புரியல. அடுத்த மாசம் செலக்‌ஷன் ட்ரையல் வேற. அதுவரைக்கும் வாக்ஸ் தேய்ச்சு ஓட்டலாமா? எங்க அக்கா பையன் காம்பவுண்ட் (முனைல சக்கரம் வச்ச வில்லு) அடிக்கிறான், அவனோடதையும் வீட்லயே மாத்திடலாமா?"

உங்க பொண்ணு அடுத்த அம்பு விடறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாத்துடுங்க. நீங்க சொல்றதுல ரெண்டு விஷயம் இருக்கு, மூணாவதா ஒண்ணு இருக்கலாம், அந்த மூணாவதுதான் ஆபத்து. பஞ்சு கிளம்பறது சாதாரணம், வாக்ஸ் காய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம். நடுவுல சுத்தியிருக்கற நூலுக்கு சர்விங்னு பேரு, அது ஸ்ட்ரிங்கை காப்பாத்தத்தான் இருக்கு, அது தேயறதும் பிரியறதும் சகஜம், அதை மட்டும் பிரிச்சுட்டு புதுசா சுத்திக்கலாம். ஆனா சர்விங்குக்கு உள்ள ஓடற இழைகள்ல, அதாவது ஸ்ட்ராண்டுல, ஒண்ணே ஒண்ணு அறுந்திருந்தாலும் அந்த ஸ்ட்ரிங்கோட கதை முடிஞ்சுது. பதினாறு இழைல ஒண்ணுதானே போச்சு, மிச்சம் பதினஞ்சு தாங்காதான்னு நிறைய பேர் கேக்கறாங்க, ஒரு இழையை அறுத்தது எதுவோ அது பக்கத்து இழைகளையும் அரைகுறையா கடிச்சிருக்கும், அது வெளிய தெரியாது.

வில் இழுத்த நிலைல ஸ்ட்ரிங் அறுந்துச்சுன்னா அம்புக்கு போக வேண்டிய சக்தி முழுக்க லிம்புக்கே, அதாவது வில்லோட வளையற மேல், கீழ் பாகங்களுக்கே, திரும்பிப் போகும், அம்பு இல்லாம வெறும் வில்லை இழுத்து விட்டா என்ன ஆகுமோ அதேதான், லிம்ப் விரிசல் விடலாம், அறுந்த முனை முகத்துல அடிக்கலாம். லிம்ப் விலையோட பாத்தா ஸ்ட்ரிங் விலை ரொம்ப சின்னது, அதனால இதுல கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம்.

எப்படி பாக்கறதுன்னா, வில்லுல இருந்து ஸ்ட்ரிங்கை கழட்டிட்டு ஜன்னல் வெளிச்சத்துல வச்சு, முறுக்கை கையால கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி இழைகளை பிரிச்சு பாருங்க. மூணு இடத்துல ரொம்ப கவனம் வேணும்: ரெண்டு பக்கமும் லிம்ப் முனைல உக்காரற லூப், முனை சர்விங் முடியற இடம், அப்புறம் அம்போட நாக் (அம்போட பின் முனைல இருக்கற பிளவு) மாட்டற இடத்துக்கு நேர் கீழ. லூப்லயே திரும்பத் திரும்ப தேய்மானம் வந்தா தப்பு ஸ்ட்ரிங்குல இல்ல, லிம்ப் முனைல இருக்கற பள்ளத்துல பிசிறு இருக்கலாம், கொஞ்சம் பஞ்சை எடுத்து அந்த பள்ளத்துல தடவுங்க, பஞ்சு மாட்டிச்சுன்னா பிசிறு இருக்கு, கோச் கிட்ட காட்டி நைஸ் பேப்பர் போட்டு சரி பண்ணிக்கணும், இல்லன்னா புது ஸ்ட்ரிங்கும் அதே கதிதான். கீழ் லூப் சீக்கிரம் போறதுக்கு இன்னொரு காரணம், பசங்க வில்லை சிமெண்ட் தரைல முனை ஊன்றி நிக்கறாங்க. ஸ்டாண்டுல வைக்க சொல்லுங்க.

உங்க விஷயத்துல என் அபிப்பிராயம், இழை அறுந்திருக்கோ இல்லையோ இந்த வாரமே புதுசு ஆர்டர் பண்ணிடுங்க. ரெகுலரா ப்ராக்டிஸ் பண்ற பொண்ணுக்கு ரெண்டு வருஷம் ஒரே ஸ்ட்ரிங் ஓடினதே பெரிசு. பழையதுல இழை எல்லாம் நல்லா இருந்தா சர்விங் மட்டும் புதுசா சுத்தி ஸ்பேரா வச்சுக்கோங்க. இந்த வாரம்னு நான் அவசரப்படுத்தறதுக்கு காரணம் இருக்கு, புது ஸ்ட்ரிங் செட்டில் ஆக டைம் எடுக்கும், ட்ரையலுக்கு மூணு நாள் முன்னாடி மாத்தினா சைட் மார்க் (ஒவ்வொரு தூரத்துக்கும் குறிபாக்கற கருவியை வைக்கற அளவு) எல்லாம் கலைஞ்சு பொண்ணு அங்க போய் தவிப்பா.

இப்ப கடைக்காரர் கேட்ட கேள்விக்கு வரேன். லிம்போட அடிப்பக்கம் பாருங்க, 66, 64ன்னு ரெண்டு நம்பரும் பக்கத்துல பவுண்டும் போட்டிருக்கும். 25 இஞ்ச் ரைசர்ல (வில்லோட நடு கைப்பிடி பாகம்) மாட்டினா அந்த லிம்ப் 66 இஞ்ச் வில்லு, 23 இஞ்ச் ரைசர்ல மாட்டினா 64. பொண்ணோட ரைசர் எதுன்னு பாத்தா வில்லோட நீளம் தெரிஞ்சுடும். ஸ்ட்ரிங் அதை விட மூணுல இருந்து நாலு இஞ்ச் கம்மியா இருக்கும், 66 வில்லுக்கு சுமார் 62 அரை, 63 இஞ்ச்னு வச்சுக்கோங்க. இங்கதான் எல்லாரும் ஏமாறது: சில இடத்துல பாக்கெட்டு மேல வில்லோட நீளத்தை போட்டிருப்பாங்க, சில இடத்துல ஸ்ட்ரிங்கோட நிஜ நீளத்தை போட்டிருப்பாங்க, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி ஒரு நம்பர்தான். ஆன்லைன்ல வாங்கி மூணு இஞ்ச் நீளமா வந்து நிக்கறவங்க நிறைய. அதனால பழைய ஸ்ட்ரிங்கை முறுக்கோட ரெண்டு ஆணிக்கு நடுவுல இழுத்து மாட்டி, ஒரு லூப் முனைல இருந்து இன்னொரு லூப் முனை வரைக்கும் டேப் வச்சு அளந்து, "66 இஞ்ச் வில், பழைய ஸ்ட்ரிங் முனைக்கு முனை இவ்வளவு"ன்னு ரெண்டையும் எழுதி அனுப்புங்க.

மெட்டீரியல்னு பாத்தா ரெண்டு பெரிய குடும்பம். டேக்ரான், அது பாலியஸ்டர், நல்லா இழுபடும், மெதுவா இருக்கும், வில்லுக்கு சாது. இன்னொண்ணு டைனீமா மாதிரி நூல், பொதுவா ஃபாஸ்ட் ஃப்ளைட்னு சொல்லுவாங்க, கிட்டத்தட்ட இழுபடவே படாது, வேகமா இருக்கும். இன்னைக்கு ரிகர்வ் பசங்க அதிகம் யூஸ் பண்ற பிசிஒய் 8125 இந்த ரெண்டாவது ரகம். உங்க பொண்ணோட லிம்புல ஃபாஸ்ட் ஃப்ளைட் போடலாம்னு மேனுவல்ல இருந்தா அதுவே போதும், இல்ல க்ளப்ல குடுக்கற ஆரம்ப நிலை மர வில்லா இருந்தா டேக்ரான் மட்டும்தான். இந்தியன் ரவுண்ட் (நம்ம நாட்டுப் போட்டிப் பிரிவு) ஆடற பசங்க மூங்கில் வில்லு வச்சிருப்பாங்க, அதுல கண்டிப்பா டேக்ரான் பி-50, பி-55 தவிர வேற எதையும் மாட்டாதீங்க, இழுபடாத ஸ்ட்ரிங் ஒவ்வொரு அம்புக்கும் லிம்ப் முனைல வெடுக்குன்னு அடிக்கும், பலப்படுத்தாத மர முனை பிளந்துடும்.

ஸ்ட்ராண்ட் எண்ணிக்கையை பழசுல எண்ணி அதே எண்ணிக்கைல, அதே மெட்டீரியல்ல கேளுங்க. 8125ல 16, 18, சிலர் 20 போடுவாங்க. ரெண்டு இழை கம்மியானா வேகம் கொஞ்சம் ஏறும், ஆனா ஸ்ட்ரிங் மெலிசாகி நாக் லூசா நிக்கும், அம்போட ட்யூனிங்கும் மாறும், ட்ரையல் நேரத்துல பரிசோதனை வேண்டாம். நாக் ஃபிட் சரியான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. வில்லை படுக்கப் போட்ட மாதிரி பிடிச்சு அம்பை ஸ்ட்ரிங்குல இருந்து நேரா கீழ தொங்க விடுங்க, அம்பு தானா விழக்கூடாது, ஸ்ட்ரிங்கை பக்கத்துல விரலால லேசா தட்டினா விழணும். தட்டியும் விழலன்னா சர்விங் தடிமன் ஜாஸ்தி, தட்டாமலே விழுந்தா மெலிசு. மெலிசா இருக்கறது ரொம்ப மோசம், இழுக்கும்போது அம்பு கழண்டா வெறும் வில்லை விட்ட கணக்காயிடும்.

மாத்தற நாள்ல பழசை கழட்டறதுக்கு முன்னாடி டி-ஸ்கொயர் (ஸ்ட்ரிங்குல மாட்டி அளக்கற T வடிவ ஸ்கேல்) வச்சு ரெண்டு அளவு எடுத்து எழுதி வைங்க, ஃபோட்டோவும் எடுத்துக்கோங்க. ஒண்ணு பிரேஸ் ஹைட், அதாவது கைப்பிடியோட ஆழமான இடத்துல இருந்து ஸ்ட்ரிங் வரைக்கும் உள்ள தூரம். இன்னொண்ணு நாக் பாயிண்ட், அதாவது ஸ்ட்ரிங்குல அம்பு மாட்டற இடத்தை காட்டற முடிச்சு, எவ்வளவு உயரத்துல இருக்குங்கறது. அப்புறம் ஸ்ட்ரிங்கர் கயிறு (லிம்பை வளைச்சுப் பிடிக்கற கயிறு) போட்டுதான் கழட்டணும், மாட்டணும். காலுக்கு நடுவுல வில்லை விட்டு வளைக்கற பழக்கம் நம்ம மைதானங்கள்ல இன்னும் இருக்கு, அதுல லிம்ப் முறுக்கிக்கும், முறுக்கின லிம்பை நேராக்கறது பெரும்பாடு.

ஸ்ட்ரிங்குல ரெண்டு லூப்பும் ஒரே சைஸ்ல இருக்காது. பெரிய லூப் மேல் லிம்புக்கு, சின்ன லூப் கீழ் லிம்புக்கு. மாட்டறதுக்கு முன்னாடி சர்விங் எந்த பக்கமா சுத்தியிருக்கோ அதே பக்கமா ஒரு இருபது முறுக்கு குடுங்க, எதிர்ப்பக்கம் குடுத்தா சர்விங் தளர்ந்துடும். முறுக்கு ஏற ஏற ஸ்ட்ரிங் சின்னதாகும், பிரேஸ் ஹைட் கூடும், முறுக்கு குறைஞ்சா பிரேஸ் ஹைட்டும் குறையும், மொத்த வித்தையும் இதுலதான் இருக்கு. 66 வில்லுக்கு எட்டே கால்ல இருந்து எட்டே முக்கால் இஞ்சுக்குள்ள பொதுவா நிக்கும், 68க்கு எட்டரைல இருந்து ஒம்பது, ஆனா மேனுவல் என்ன சொல்லுதோ அதுதான் முதல். முறுக்கே இல்லாம தட்டையா விட்டுடாதீங்க, அதே மாதிரி ஸ்ட்ரிங் நீளமா வந்துடுச்சுன்னு அறுபது எழுபது முறுக்கு போட்டு இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம், திருப்பி அனுப்பி சரியான சைஸ் வாங்குங்க. மாட்டினதும் ரெண்டு லூப்பும் பள்ளத்துல சரியா உக்காந்திருக்கா, ஸ்ட்ரிங் லிம்போட நடுக்கோட்டுல ஓடுதான்னு பாத்துட்டு, அதுக்கப்புறம்தான் ஸ்ட்ரிங்கரை எடுக்கணும்.

முதல் நூறு நூத்தம்பது அம்புக்கு பிரேஸ் ஹைட் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பயப்படாதீங்க, இறங்கின அளவுக்கு முறுக்கு கூட்டுங்க. அது நின்னு போன பிறகுதான் நாக் பாயிண்டை கட்டணும். அதுவரைக்கும் தற்காலிகமா டென்டல் ஃப்ளாஸ்ல ஒரு முடிச்சு போதும், கடைசியா இடம் உறுதியானதும் ஒரு சொட்டு ஃபெவிக்விக். அப்புறம் ஒரு நாள் முழுக்க சைட் மார்க் சரிபாக்க ஒதுக்குங்க, உங்க பொண்ணு 18 வயசுக்குள்ளங்கறதால 60 மீட்டர் மார்க்கை முதல்ல பாக்கட்டும்.

ஸ்பேர் பத்தி நான் ரொம்ப பிடிவாதம். ஒண்ணு வாங்கறதுக்கு பதிலா ஒரே மாதிரி ரெண்டு வாங்கி, ரெண்டுலயும் அம்பு விட்டு செட்டில் பண்ணி, நாக் பாயிண்ட் கட்டி, ஒரு சின்ன பாக்கெட்டுல போட்டு, எத்தனை முறுக்கு, என்ன பிரேஸ் ஹைட்டுன்னு துண்டு சீட்டு எழுதி கிட் பேக்ல வைங்க. 72 அம்பு தகுதிச் சுற்றுல ஏதாவது பழுதானா சரி பண்ண டைம் குடுப்பாங்க, எலிமினேஷன் மேட்ச்ல கூடுதல் டைம் கிடையாது. பாக்கெட் பிரிக்காத புது ஸ்ட்ரிங் அந்த நேரத்துல பாதி உதவிதான்.

பராமரிப்புல டெல்லிக்குன்னு ரெண்டு தொல்லை, தூசியும் வெயிலும். வாக்ஸ் போடறதுக்கு முன்னாடி காஞ்ச துணியால ஸ்ட்ரிங்கை துடைச்சே ஆகணும், இல்லன்னா மே மாசத்து மண்ணை இழைக்குள்ள தேய்ச்சு ஏத்தற மாதிரி ஆயிடும், அது உள்ள இருந்து அறுக்கும். ஸ்ட்ரிங் வாக்ஸை லேசா தடவி, விரலால வேகமா மேலயும் கீழயும் தேய்ச்சா சூட்டுல இளகி உள்ள இறங்கும், மிச்சமா வெளிய நிக்கறதை ஒரு ஃப்ளாஸ் துண்டை ஒரு சுத்து சுத்தி இழுத்தா வழிச்சுட்டு வந்துடும். நடு சர்விங்குல வாக்ஸ் வேண்டாம், ஃபிங்கர் டாப் (ஸ்ட்ரிங் இழுக்க விரல்ல மாட்டற தோல்) ஒட்டும், நாக்ல அழுக்கு சேரும். மெழுகுவர்த்தி, வாஸ்லின், தேங்காண்ணெய் எதுவும் கூடவே கூடாது. தொட்டா வறவறன்னு இருந்தாலோ பஞ்சு தெரிஞ்சாலோ போடுங்க, தினம் ப்ராக்டிஸ்னா வாரத்துக்கு ஒரு தரம் சரியா இருக்கும்.

வெயில்ல நிறுத்தின காருக்குள்ள வில்லை விட்டுட்டு போகாதீங்க, ஜூன் மாசத்துல அஞ்சு நிமிஷ வேலையா இருந்தாலும் சரி. டைனீமா நூல் சூட்டுல இழுவிசை இருந்தா மெல்ல நிரந்தரமா நீண்டுடும், திரும்ப சுருங்காது, லிம்புக்கும் அந்த சூடு ஆகாது. ப்ராக்டிஸ் முடிஞ்சு கழட்டும்போது ரெண்டு லூப்பையும் சேத்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வைக்க பொண்ணுக்கு பழக்குங்க, இல்லன்னா பைக்குள்ள நாலஞ்சு முறுக்கு தானா அவிழ்ந்துடும், மறுநாள் அம்பு ஏன் வேற இடத்துல போகுதுன்னு தலையை பிச்சுக்குவா. தினமும் வில்லை மாட்டினதும் முதல் வேலை பிரேஸ் ஹைட் அளந்து நோட்டுல எழுதறது, அரை நிமிஷம்தான் ஆகும். ஸ்ட்ரிங் களைச்சுப் போறதை கண்ணு காட்டறதுக்கு முன்னாடி அந்த நோட்டு காட்டிடும்: முறுக்கு கூட்டிக்கிட்டே இருந்தும் அளவு இறங்கிக்கிட்டே போனா மாத்தற நேரம் வந்துடுச்சு.

அக்கா பையனோட காம்பவுண்டுக்கு என் பதில் வேண்டாம்ங்கறதுதான். அதுல பவ் பிரஸ் மெஷின்ல லிம்பை அழுத்தித்தான் ஸ்ட்ரிங்கை கழட்ட முடியும், வேற எப்படி முயற்சி பண்ணாலும் கை போகும், வில்லும் போகும். மாத்தின பிறகு மேல் கேம், கீழ் கேம் (முனைல சுத்தற சக்கரங்கள்) ரெண்டும் ஒரே நேரத்துல திரும்புதான்னு டைமிங் பாக்கணும், பீப் (ஸ்ட்ரிங்குல இருக்கற குறிபாக்கற சின்ன ஓட்டை) நேரா கண்ணுக்கு வருதான்னு பாக்கணும். ஸ்ட்ரிங்கை மாத்தும்போது கேபிளையும் (கேம்களை இணைக்கற கயிறு) சேத்தே மாத்த சொல்லுங்க, ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா ரெண்டும் வேற வேற வேகத்துல நீண்டு டைமிங் கலைஞ்சுக்கிட்டே இருக்கும். வாக்ஸ் போடறது, டி-லூப் (அம்பு மாட்டற இடத்துல கட்டியிருக்கற சின்ன கயிறு வளையம்) தேய்ஞ்சிருக்கான்னு பாக்கறது, கேம் பள்ளத்துல தூசி துடைக்கறது, இது மட்டும் அவன் வீட்ல செய்யட்டும், மத்தது பிரஸ் வச்சிருக்கற டெக்னீஷியன் கிட்ட.