இதயம் கொஞ்சம் வீக் என்கிறார்கள். எடை குறைக்கிறேன். தினமும் எடை பார்க்கலாமா, வாரம் ஒரு முறை போதுமா?

தினமும் பார்த்தால் மனசு விட்டுப்போகும், வாரம் ஒரு முறை போதும் என்று ஜிம்மில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஜிம்முக்கு வருகிற மற்றவர்களுக்கு அது சரி. எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்து இதயம் வீக் என்று கையில் ரிப்போர்ட் வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது. தினமும் பாருங்கள், ஆனால் எதற்குப் பார்க்கிறோம் என்று தெரிந்து பாருங்கள். அது தெரியாமல் பார்த்து நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாகத் தராசு முன்னால் உட்கார்ந்திருக்கிறவன். உள்ளே போன வெள்ளி எவ்வளவு, கொலுசாக வெளியே வந்தது எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, மூன்றும் ராத்திரி நேராகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்பேர்ப்பட்டவனை வீட்டு எடை மிஷின் ஏமாற்றிவிட்டது. அந்த ரோஷம் இன்னும் போகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இதயம் பம்ப் செய்யும் அளவு 35 சதவீதம் என்றார்கள். (நல்ல இதயத்துக்கே நூறு வராது, 55-க்கு மேல் இருந்தால் போதும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதுவரை 65 சதவீதம் செத்துப்போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் அழுதோம்.) எடை 91 கிலோ. மாத்திரைகளோடு நீர் பிரிகிற மாத்திரையும் கொடுத்து, எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

நானும் ராகிக் களி, கொள்ளு ரசம் என்று இறங்கினேன். பத்தே நாளில் 87! பட்டறையில் என்னை யாரும் சமாளிக்க முடியவில்லை. பற்றவைக்கிற பையனை நிறுத்தி வைத்து, களி எப்படிக் கிண்ட வேண்டும் என்று பாடம் எடுத்தேன். குறைந்ததில் பெரும்பகுதி மாத்திரை வெளியேற்றிய தண்ணீர், களிக்கு அதில் பங்கு கொஞ்சம்தான் என்று அப்போது எவனாவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

மூன்று வாரம் கழித்து ஏற்காட்டில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். இருபது கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸில் போக வேண்டும், வழியில் அவசரம் வந்தால் எங்கே இறங்குவது? அதனால் இரண்டு நாள் நீர் மாத்திரையை விட்டுவிட்டேன். பந்தியில் ஊறுகாய், அப்பளம், இறங்கி வந்ததும் தட்டுவடை செட்டு. வீட்டுக்கு வந்து ஏறி நின்றால், மூன்று நாளில் 2.3 கிலோ கூடியிருந்தது.

கல்யாணச் சாப்பாட்டில் கொழுப்பு ஏறிவிட்டது என்று முடிவு கட்டி ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். காந்தி ஸ்டேடியத்தில் இரண்டு சுற்று போனவன் நாலு சுற்று போகப் பார்த்தேன். மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டேன். படுத்தால் இருமல், தலையணை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது. எடை மட்டும் இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போது என் மனைவி பார்த்துவிட்டு, "ஏங்க, இதென்ன கால்ல கொலுசு போட்ட தடம்?" என்றாள். கணுக்காலைச் சுற்றி சாக்ஸ் விளிம்பு ஆழமாகப் பதிந்திருந்தது. அதன் மேல் விரலை வைத்து அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. மெழுகில் அச்சு எடுத்த மாதிரி.

அன்றைக்கே டாக்டரிடம் ஓடினோம். ஊசி போட்டார்கள், இரண்டு நாளில் இரண்டு கிலோ இறங்கியது. டாக்டர் கேட்டார்: "என்ன தொழில் உங்களுக்கு?" சொன்னேன். "தராசுக்காரருக்கு நான் கணக்குச் சொல்லித் தரணுமா? ஒரு கிலோ கொழுப்பு ஏற 7,700 கலோரி வேணும். மூணு நாள்ல வழக்கத்துக்கு மேல 17,000 கலோரி சாப்பிட்டீங்களா?" என்றார். வாயே திறக்க முடியவில்லை. ஏறியது கொழுப்பில்லை, தண்ணீர். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற உப்புத் தண்ணீர், அதாவது சலைன், ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. கிட்டத்தட்ட அதே கணக்கில்தான் உடம்பும், தங்கிய உப்புக்குத் தகுந்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இவ்வளவுதான் விஷயம்.

இப்போது நோட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறேன். முதல் பத்தி இதயத்துக்கு: தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதே லுங்கியோடு, அதே மிஷினில். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ கூடினால் போன் செய்யச் சொல்லியிருக்கிறார் என் டாக்டர். இரண்டாவது பத்தி தொந்திக்கு: மாதம் ஒரு முறை எடையின் சராசரியும் இடுப்பளவும். இடுப்பு நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் இன்னும் 96-இல் நிற்கிறேன், சிரிக்காதீர்கள்.

அதே மிஷின் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாங்கள் சரக்கு கொடுக்கும் கடையில் எங்கள் தராசு எடை செல்லாது. அவர்கள் தராசில் வைத்தால் கிலோவுக்கு இரண்டு மூன்று கிராம் குறையும். கேட்டால் 'தூசி' என்பார்கள். அதே கொலுசு வாடிக்கையாளருக்குப் போகும்போது மட்டும் தூசி எங்கே போகுமோ! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், வயிற்றெரிச்சல்.

கீழே வந்து இந்துப்பு, இளநீர் என்று எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை. இந்துப்பும் சோடியம்தான். இளநீரிலும், சோடியம் குறைத்தது என்று விற்கிற உப்பிலும் பொட்டாசியம் இருக்கிறது. நான் சாப்பிடும் இதய மாத்திரைகளில் சில ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும், அதனால் எனக்கு இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். படித்த டாக்டர்களும் சண்டைக்கு வர வேண்டாம், யாரையும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நான் சொல்லவில்லை. நானாக நிறுத்தியதால்தான் இவ்வளவு கதையும்.

உங்கள் ரிப்போர்ட்டில் எத்தனை சதவீதம், நீர் மாத்திரை உண்டா இல்லையா, எதையும் நீங்கள் எழுதவில்லை. அதனால் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை போகும்போது "எனக்கு எத்தனை கிலோ கூடினால் உங்களைக் கூப்பிடணும்?" என்று மட்டும் கேட்டு, அந்த எண்ணை எடை மிஷின் மேலேயே எழுதி வையுங்கள். என்னுடையதில் மகள் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கொடுத்தாள். தினமும் ஏறி நின்று பாதி அழிந்துவிட்டது, இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறேன்.