கால்வெஸ் யாருக்காகப் போரிட்டார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க விடுதலைப் போர் பற்றிய உங்கள் கட்டுரையில் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் பெர்னார்டோ தே கால்வெஸ் இடம்பெறவில்லை. 2014இல் அமெரிக்கா அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியிருக்கிறது. அவரை அந்தப் புரட்சியின் போராளி என்று சொல்லலாமா?

செ.

அன்புள்ள செ.,

அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அவரை விட்டுவிட்டால் போரின் தெற்கு முனை விளங்காது. கட்டுரையில் அவர் இருந்திருக்கத்தான் வேண்டும்.

கால்வெஸ் போரிட்டது தன் அரசர் மூன்றாம் கார்லோஸுக்காக. 1763இல் பிரிட்டனிடம் பறிகொடுத்த ஃப்ளோரிடாவை மீட்க வேண்டும், மிசிசிப்பி ஆற்றிலிருந்து ஆங்கிலேயரை வெளியேற்ற வேண்டும். 1779 ஜூனில் ஸ்பெயின் போரில் இறங்கியது பிரான்சின் கூட்டாளியாக மட்டுமே. அமெரிக்கரோடு அதற்கு உடன்படிக்கை கிடையாது. இருந்தும் அதற்கு முன்பே, 1777இல் ஆளுநராகப் பொறுப்பேற்றதிலிருந்து, கால்வெஸ் நியூ ஆர்லியன்ஸ் வணிகர் ஆலிவர் பொல்லாக் வழியாக ஆயுதமும் துணியும் மருந்தும் ஆற்றின் மேற்பகுதியிலிருந்த அமெரிக்கருக்குப் போய்ச்சேர இடம் கொடுத்தார்.

1779 ஆகஸ்ட் 18இல் வீசிய சூறாவளி அவருடைய படகுகளை மூழ்கடித்தது. ஒன்பதே நாளில் மிசிசிப்பிக் கரையின் ஆங்கிலேயக் கோட்டைகளை நோக்கிப் படை கிளம்பிவிட்டது. வழியில் சேர்ந்தவர்களோடு சுமார் 1,400 பேர்: ஸ்பானிய வீரர்கள், அகேடிய (கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சு வழியினர்), ஜெர்மன் குடியேறிகள், சுதந்திரக் கறுப்பினத்தவர், பூர்வகுடிகள். செப்டம்பர் 7இல் மான்சாக்கில் இருந்த கோட்டை விழுந்தது. பேடன் ரூஜ் கோட்டைக்கு அகழியும் வலுவான காவலும் உண்டு. நேரே ஏறினால் உயிர்ச்சேதம் அதிகம். எனவே ஒரு பிரிவை இரவில் பக்கத்துத் தோப்புக்கு அனுப்பிச் சத்தமாக மண்வெட்ட வைத்தார். ஆங்கிலேயர் அந்தத் திசையில் குண்டுகளை வீணடிக்க, மறுபுறம் ஒரு தோட்டத்தில் பீரங்கிகள் அமைதியாக நிறுவப்பட்டன. 21ஆம் தேதி விடிந்ததும் சுடத் தொடங்கி, மூன்றரை மணி நேரத்தில் சரண். நாட்செஸ் கோட்டையும் அந்த உடன்பாட்டிலேயே கைமாறியது. நான் மிகவும் மதிப்பது இந்த வெற்றியைத்தான். பின்னர் ஃப்ளோரிடாவின் துறைமுக நகரமான பென்சகோலாவில் கிடைத்த வெற்றியின் புகழ் இதை மறைத்துவிடுகிறது.

1780 மார்ச்சில் மொபைல் என்ற துறைமுக நகரம் விழுந்தது. 1781இல் பென்சகோலா. விரிகுடா வாயிலில் மணல்திட்டு. 64 பீரங்கிகள் கொண்ட சான் ரமோன் கப்பல் தரைதட்டியதால் கடற்படைத் தளபதி கால்வோ உள்ளே செல்ல மறுத்தார். மார்ச் 18இல் கால்வெஸ் சிறு கப்பலொன்றில் நுழைந்தார். கோட்டைப் பீரங்கிகளால் பாய்களுக்கும் கயிறுகளுக்கும்தான் சேதம். மறுநாள் மற்ற கப்பல்களும் வந்தன. ‘நான் மட்டும்’ என்ற வாசகத்தை அவருடைய சின்னத்தில் பொறிக்க அரசர் அனுமதித்தது இதற்காக. ஆனால் நகரம் பணிய மேலும் ஏழு வாரங்களும், ஏப்ரலில் ஹவானாவிலிருந்து வந்த ஸ்பானிய, பிரெஞ்சுத் துணைப்படைகளும் தேவைப்பட்டன. மே 8இல் ஒரு குண்டு ஆங்கிலேயரின் முன்னரணில் வெடிமருந்துக் கிடங்கைத் தாக்கி ஏறத்தாழ நூறு பேரைக் கொன்றது. 10ஆம் தேதி சரண்.

உங்கள் கேள்விக்கான விடை அந்தச் சரண் நிபந்தனையிலேயே இருக்கிறது. கைதான படையினர் ஸ்பெயினையோ அதன் கூட்டாளிகளையோ எதிர்த்துப் போரிடக் கூடாது, அவ்வளவுதான். அமெரிக்கர் கூட்டாளிகள் அல்லர்; அவர்களை எதிர்த்துப் போரிடத் தடையில்லை. அந்தப் படையினர் ஆங்கிலேயர் வசமிருந்த நியூயார்க் போய்ச்சேர, அமெரிக்கர் கொதித்தனர்.