புது போனில் சிக்னல் இல்லை: குப்பத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு அலைய வேண்டுமா?

கேள்வி: குப்பம் பக்கத்துக் கிராமத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். மூன்று வாரத்துக்கு முன் கிருஷ்ணகிரி கடையில் 18,500 ரூபாய்க்குப் புது போன் வாங்கினேன். சிம் பழைய தமிழ்நாட்டு நம்பர்தான். பழைய போனில் நன்றாக இருந்தது. இதில் வீட்டுக்கு வந்தாலே நெட் நின்றுவிடுகிறது, சில நேரம் காலும் வருவதில்லை. கடைக்காரர் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார். சர்வீஸ் சென்டரில் போன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். சிம் நிறுவனம் டவரில் குறை இல்லை என்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? வழக்கு கிருஷ்ணகிரியில்தான் போட வேண்டுமா?

பதில்: சகோதரி, கிருஷ்ணகிரிக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட இடம் தருகிறது. பில் எந்த மாநிலத்தில் போட்டிருந்தாலும் குப்பம் இருக்கும் ஆந்திராவின் சித்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் புகார் கொடுக்கலாம். அதற்கும் முன்னால் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். அதைச் செய்யாமல் நோட்டீஸ் அனுப்பினால் எதிர்த்தரப்பு ஒரே வரியில் உங்களை மடக்கிவிடும்.

குப்பம் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவில் இருக்கிறது. செல்போன் சேவையில் ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் தனித்தனி வட்டங்கள். உங்கள் வீட்டில் போன் ஆந்திர டவரைப் பிடித்தால், தமிழ்நாட்டு சிம்முக்கு அது ரோமிங். பல புது போன்களில் டேட்டா ரோமிங் அணைந்தேதான் வரும். அப்போது சிக்னல் கோடு முழுதாகத் தெரியும், நெட் மட்டும் ஓடாது. பழைய போனில் யாரோ எப்போதோ அதைப் போட்டுவைத்திருப்பார்கள், நீங்கள் மறந்திருப்பீர்கள். அதனால் ரோமிங்கைப் போடுங்கள், நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியில் வையுங்கள், வோல்ட்டீ (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) போட்டிருக்கிறதா பாருங்கள். 4ஜி மட்டும் உள்ள இடத்தில் வோல்ட்டீ இல்லாவிட்டால் கால் வராது. இதிலேயே சரியானால் வழக்குக்கு வேலையே இல்லை.

சரியாகவில்லையா? அப்படியானால் வீட்டில் ஒரே இடத்தில் நின்று, உங்கள் சிம்மைப் பழைய போனிலும், வேறு நிறுவனத்து சிம்மைப் புது போனிலும் மாற்றி மாற்றிப் போட்டு வீடியோ எடுங்கள். எந்த சிம் போட்டாலும் புது போன் தடுமாறினால் குறை போனில். எந்த போனில் போட்டாலும் உங்கள் சிம் தடுமாறினால் குறை சேவையில். இது ஆய்வக அறிக்கை ஆகாதுதான். ஆனாலும் யாரை எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது என்பதை இதுதான் காட்டும். *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பில்லிலும் பெட்டியிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அது வேறு வழக்கு, காவல் நிலையத்துக்கும் போக வேண்டியிருக்கும்.

பில்லில் அச்சடித்த அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது சட்டத்தின் 2(47) பிரிவு. பில்லில் காலக்கெடு சொல்லாவிட்டால் 30 நாள் என்று கணக்கு. உங்களுக்கு மூன்று வாரம் போய்விட்டது. ஆகவே குறை போனில்தான் என்று தெரிந்தால் இந்த வாரமே கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள்: மாற்றிக் கொடுங்கள், அல்லது 18,500 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் (போனைச் சோதித்த விவரம் எழுதிய சீட்டு) கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு ஆணையத்தில் எடுபடாது. கூடவே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும்.

குறை சேவையில் என்றால், சிம் நிறுவனத்தில் புகார் எண் வாங்கி, தீராவிட்டால் அவர்களின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். செல்போன் சேவையை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று யாராவது பழைய தீர்ப்பைக் காட்டினால், விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது.

தொழிலுக்காக வாங்கிய போன் என்பதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்றும் வாதாடுவார்கள். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த வாங்கிய பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது. வீட்டில் தைத்துப் பிழைக்கிறீர்கள் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

5 லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. கால அவகாசம் 2 ஆண்டு. இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். சித்தூர் உங்களுக்குத் தூரம் என்பதால் காணொளி விசாரணை கேட்டு மனுப் போடுங்கள், சட்டம் அதற்கு இடம் தருகிறது. புகாரை ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ எழுதுங்கள். இழப்பீடாக லட்சக்கணக்கில் கேட்க வேண்டாம். நின்றுபோன ஆர்டர்களின் வாட்ஸ்அப் செய்திகளைக் காட்டி, அதற்கு ஏற்ற தொகையைக் கேளுங்கள். கணக்கோடு கேட்கும் சிறு தொகைக்கு ஆணையத்தில் மதிப்பு அதிகம்.

இன்னொன்று. அதுவரை அந்த போனைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்துவிடாதீர்கள். சோதித்தால்தான் குறை தெரியும் என்றால் ஆணையமே 38-ஆவது பிரிவின்படி ஆய்வகத்துக்கு அனுப்பும். ஒரு முறை வெளியே பிரித்த போன் என்றால் கம்பெனி அதையே காரணம் காட்டி வாரண்டியையும் மறுக்கும், குறையையும் உங்கள் தலையில் போடும்.